சிறு அலுவலகச் சர்வருக்கு லினக்ஸா, பிஎஸ்டியா? பயனர் குழுமங்களை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்

அச்சுக்கோப்பு_திருவல்லிக்கேணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் தமிழ் நூல்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்துகொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பும் என்னுடையதே. கோப்புகளைச் சேமிக்கும் சர்வர் ஒன்றும், இணைய இணைப்புக்கும் உள் வலையமைப்புக்கும் இடையே கேட்வேயாக நிற்கும் பழைய கணினி ஒன்றும், பணியாளர்கள் பயன்படுத்தும் சில மேசைக்கணினிகளும் எங்களிடம் இருக்கின்றன. சர்வரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் வழங்கலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதால், வேறொன்றைப் புதிதாக நிறுவியே ஆக வேண்டும்.

எங்கள் கோப்புகள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரை நூற்றாண்டுக்கு முன் அச்சான நூல்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். பதிப்பகத்தார் மறுபதிப்புக்குக் கேட்கும்போதுதான் அவற்றைத் திறக்கிறோம். ஒரு கோப்பை நான்கைந்து ஆண்டுகள் எவரும் தொடாமலே இருக்கலாம். திறக்கும் நாளில் அது பழுதாகியிருந்தால் மூலநூல் மறுபடியும் கைக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தட்டச்சைப் பொறுத்தவரை எல்லோரும் தமிழ்99 விசைப்பலகை முறையில் பழகியவர்கள்.

டெபியன், உபுண்டு, ராக்கி என்னும் லினக்ஸ் வழங்கல்கள் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். நண்பர் ஒருவர் பிஎஸ்டி வகை இயங்குதளங்களான ஃப்ரீபிஎஸ்டியையும் ஓப்பன்பிஎஸ்டியையும் பரிந்துரைத்தார். வசதிகளை ஒப்பிடும் அட்டவணைகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டிய விடை அவற்றில் இல்லை. இந்த இயங்குதளங்களை உருவாக்குபவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், புதிதாக வந்து கேள்வி கேட்பவரை எப்படி நடத்துகிறார்கள், பத்து ஆண்டுகள் கழித்தும் அது இருக்கும் என்பதை எதை வைத்து நம்பலாம், சென்னையில் இருந்துகொண்டு யாரைப் போய்க் கேட்கலாம் என்பவற்றையே அறிய விரும்புகிறேன். நான் இந்த வேலையை விட்டுப் போனாலும் அடுத்து வருபவர் தடுமாறாமல் எடுத்து நடத்த வேண்டும் என்பது என் கவலை.

---

தரமணி_நிர்வாகி எழுதியது:

வணக்கம். சேவை நிறுவனம் ஒன்றில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டையும் பல ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். உங்கள் சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி பொருந்தும் என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை வேறுபாட்டைப் பார்ப்போம். லினக்ஸ் என்பது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு மட்டுமே. அதனுடன் குனூ கருவிகளையும், சி நூலகத்தையும், துவக்க முறையையும், இன்னும் ஆயிரக்கணக்கான பொதிகளையும் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒன்றாகப் பொருத்தித் தருவதுதான் வழங்கல்களின் பணி. பிஎஸ்டிகளின் வழி வேறு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் தொடங்கிய மரபிலிருந்து வந்தவை அவை. கர்னல், சி நூலகம், அன்றாடக் கட்டளைகள், அவற்றின் கையேட்டுப் பக்கங்கள் ஆகியவை ஒரே மூலநிரல் களஞ்சியத்தில், ஒரே குழுவின் பொறுப்பில் வளர்கின்றன. நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் 1993இல் தோன்றின. 1995இல் தியோ டி ராட் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் பெர்க்லி நிரலின் உரிமை குறித்து ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் தொடுத்த வழக்கு 1994இல்தான் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் லினக்ஸ் வெகுதூரம் சென்றுவிட்டது. இன்று லினக்ஸ் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு கிடைப்பதற்கும் பிஎஸ்டி தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருப்பதற்கும் அந்த வழக்கும் ஒரு காரணம்.

இந்த வேறுபாடு நிர்வாகிக்கு எந்த வகையில் உதவுகிறது என்று கேட்பீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அடிப்படை அமைப்பின் கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். நீங்களாக நிறுவிய, கோப்புகளை வலையமைப்பில் பகிரும் சாம்பா போன்றவை அனைத்தும் யுஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும் லோக்கல் அடைவில் மட்டுமே வந்து அமரும். எந்தச் சேவை தொடங்க வேண்டும், வலையமைப்பு முகவரி என்ன என்பவை ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் எழுதப்பட்டிருக்கும். உங்களுக்குப் பிறகு வருபவர் அந்த ஒரு கோப்பைப் படித்தாலே சர்வர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதில் பெரும்பகுதி அவருக்கு விளங்கிவிடும்.

அடுத்து, உங்கள் கோப்புகள். நான்கைந்து ஆண்டுகள் திறக்கப்படாத கோப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய கோப்புகளுக்கு இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியாது. எழுதப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் அது ஒரு சரிபார்ப்புக் கூட்டலைத் தனியே குறித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு வட்டுகளை ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி மிரராக இணைத்திருந்தால், ஒன்றில் ஒரு தொகுதி சத்தமில்லாமல் கெட்டுப்போனாலும் படிக்கும்போதே அதைக் கண்டுபிடித்து, மற்ற வட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு திருத்திவிடும். மாதம் ஒருமுறை ‘ஸ்க்ரப்’ ஓட விட்டால் எவரும் தொடாத கோப்புகளும் முழுவதுமாகப் படித்துச் சரிபார்க்கப்படும். மறுநாள் காலையில் நிலையைக் கேட்டால் எத்தனை பைட்டுகள் பழுது பார்க்கப்பட்டன என்பதும், ஒவ்வொரு வட்டுக்கும் எதிரே படித்தல், எழுதல், சரிபார்ப்பு என மூன்று பிழை எண்ணிக்கைகளும் வரும். மூன்றாவது பத்தியில் பூச்சியத்தைத் தவிர வேறெதுவும் தெரிந்தால் அந்த வட்டையும் அதன் கேபிளையும் உடனே சந்தேகிக்க வேண்டும். சாதாரண மிரர் அமைப்பில் இரண்டு வட்டுகளும் வேறுபடுகின்றன என்பது தெரிந்தாலும், எது சரியான பிரதி என்பது தெரியாது. சோலாரிஸுக்காக எழுதப்பட்ட இசட்எஃப்எஸ், ஃப்ரீபிஎஸ்டியில் 2008இல் வெளிவந்த 7.0 முதல் இருந்து வருகிறது. மேம்படுத்துவதற்கு முன் இயங்குதளத்தின் அப்போதைய நிலையைக் காக்கும் ‘பூட் என்விரான்மென்ட்’ ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டால், ஏதேனும் தவறினாலும் துவக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து முந்தைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

நிர்வாக முறையைப் பொறுத்தவரை, நிரலை நேரடியாகச் சேர்க்கும் உரிமை பெற்ற பங்களிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்து ஒன்பது பேர் கொண்ட மையக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிதிக்கும் சட்ட அலுவல்களுக்கும் 2000 முதல் தனி அறக்கட்டளை இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் காணொளிகளை அனுப்பும் சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டியைப் பயன்படுத்தி, தன் திருத்தங்களைத் திருப்பியும் அளிக்கிறது. பத்து ஆண்டு கழித்தும் இது இருக்கும் என்று நான் நம்புவதற்கு இந்த மூன்றும் சேர்ந்த பலமே காரணம்.

---

மயிலை_டெபியன் எழுதியது:

வணக்கம். தரமணி நண்பர் எழுதியவற்றில் தொழில்நுட்பச் செய்திகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்டவர் வசதிகளைப் பற்றியல்ல, மனிதர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் டெபியனுக்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

டெபியனை 1993இல் இயன் மர்டாக் தொடங்கினார். அதற்கு உரிமையாளர் என்று எந்த நிறுவனமும் கிடையாது. 1997இல் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தம், இந்த வழங்கல் கட்டற்றதாகவே இருக்கும் என்றும் பிழைகள் மறைக்கப்பட மாட்டா என்றும் பயனர்களுக்கு எழுத்தில் உறுதி தருகிறது. எழுதப்பட்ட அமைப்புச் சட்டம் உண்டு. திட்டத் தலைவரை ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் விருப்ப வரிசையை எழுத வேண்டும். ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்பதும் ஒரு வேட்பாளரைப் போலவே அந்த வரிசையில் இடம்பெறும்.

இந்த முறை கடும் சோதனைக்கு உள்ளானதும் உண்டு. கணினி துவங்கும்போது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியை இயல்பான துவக்க முறையாக ஏற்பதா என்ற பிரச்சினையில் 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு சரிசமமாகப் பிளவுபட்டது. தலைவரின் தீர்மான வாக்கினால்தான் முடிவு எட்டப்பட்டது. ஏற்காத சிலர் பிரிந்து சென்று டெவுவான் என்ற வழங்கலைத் தொடங்கினார்கள். அந்த விவாதத்தின் ஒவ்வொரு மடலும் இன்றும் பொதுவில் படிக்கக் கிடைக்கிறது. வருத்தமான மடல்கள் அவற்றில் நிறைய உண்டு. இருந்தாலும், எந்த வாதம் எந்த வாதத்தை வென்றது, யார் எப்படி வாக்களித்தார் என்பதை வெளியிலிருக்கும் ஒரு பயனரும் தெரிந்துகொள்ள முடிகிறதே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இதற்கு எதிர்ப்பக்கத்தில், ரெட் ஹாட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த சென்ட்ஓஎஸ் 8 வழங்கலைப் பாருங்கள். 2029 வரை ஆதரவு உண்டு என்று அறிவிக்கப்பட்டிருந்த அந்த வெளியீடு 2021 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது. அந்த அறிவிப்பு வந்தது 2020 டிசம்பரில். அந்த முடிவில் அதை நம்பியிருந்த பயனர்களுக்கு வாக்கு இல்லை. ராக்கியும் ஆல்மாவும் அந்தப் பள்ளத்தை நிரப்பவே பிறந்தன. இரண்டையும் நல்ல மனிதர்கள் நடத்துகிறார்கள் என்றாலும், அவற்றுக்கு மூலமாக வரும் நிரல் ரெட் ஹாட் என்ற ஒரு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

இனிச் சென்னைக்கு வருகிறேன். இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது அதன் வழக்கம். நெடுங்காலம் ஐஐடி வளாகத்தில்தான் அந்தக் கூட்டங்கள் நடந்தன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. டெபியனின் ஆண்டு மாநாடு 2023இல் கொச்சியில் நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தில் ஒரு சிறு டெபியன் மாநாடும் நடந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சீ-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. மாநில அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. ஆகவே நாளை உங்கள் இடத்துக்கு வரப்போகும் இளைஞர் டெபியனில் பொதிகளை நிறுவும் ஏப்ட் கட்டளையை எங்கோ ஒருமுறையாவது பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

மேசைக்கணினிகளுக்கு நான் இரண்டாம் யோசனைக்கே இடம் தர மாட்டேன். டெபியனின் வரைகலை நிறுவியில் மொழியாகத் தமிழையே தேர்ந்தெடுக்கலாம். தட்டச்சு உள்ளீட்டுக்கான ஐபஸும் எம்17என் பொதியும் நிறுவினால் தமிழ்99 கிடைத்துவிடும். நோட்டோ, லோஹித் எழுத்துருக்களும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. ஃப்ரீபிஎஸ்டியிலும் ஐபஸ் உண்டு, லிப்ரெஆஃபிஸும் உண்டு. ஆனால் பிரிண்டரோ வைஃபையோ மக்கர் செய்யும் நாளில் பக்கத்துத் தெருவில் உதவிக்கு ஆள் கிடைப்பது லினக்ஸுக்குத்தான்.

---

அச்சுக்கோப்பு_திருவல்லிக்கேணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மேசைக்கணினிகள் டெபியனுக்கே என்பதில் தெளிவு வந்துவிட்டது. இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. கேட்வேக்கு ஓப்பன்பிஎஸ்டியைப் பலர் புகழ்கிறார்கள். ஆனால் அந்தக் குழுமத்தில் புதியவர்களைக் கடுமையாகப் பேசுவார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருவர் இந்த வேலையை ஆர்வத்துடன் கற்றுக்கொண்டு வருகிறார். இனிமேல் கேள்வி கேட்கப்போகிறவர் அவர்தான். முதல் கேள்வியிலேயே அவர் மனம் நொந்துபோகக் கூடாது. இன்னொன்று, வெயில் காலத்தில் எங்கள் பகுதியில் மின்சாரம் திடீர் திடீரென்று போகும். யுபிஎஸ் இருக்கிறது என்றாலும் அதன் பேட்டரி பழையது.

---

பெரம்பூர்_பிஎஃப் எழுதியது:

புதியவர்களிடம் கடுமை காட்டுபவர்கள் என்ற பெயர் ஓப்பன்பிஎஸ்டி குழுமத்துக்கு எதனால் வந்தது என்பதை விளக்கினால், அந்தப் பெண் அதை எப்படி எதிர்கொள்ளலாம் என்பதும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

ஓப்பன்பிஎஸ்டியில் தேர்தல் கிடையாது. தியோ டி ராட் தலைமையில் ஒரு சிறிய குழு, தங்களுக்கு வேண்டிய இயங்குதளத்தைத் தாங்களே எழுதிக்கொள்கிறது. அதை உலகத்துக்கும் தருகிறது. ‘எனக்கு இந்த வசதி வேண்டும்’ என்று எழுதுபவருக்கு ‘நிரலை எழுதி அனுப்புங்கள்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கையேட்டுப் பக்கத்தைப் படிக்காமல் வரும் கேள்விக்கு மரியாதை குறைவு. அதே சமயம் கையேட்டுப் பக்கத்தில் ஒரு தகவல் தவறாக இருந்தால் அதை நிரல் பிழைக்குச் சமமாகக் கருதித் திருத்துகிறார்கள். படித்துவிட்டு வா என்று சொல்லும் உரிமையை அவர்கள் அந்த உழைப்பினால் சம்பாதித்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கடுமையான சொற்களை நான் ஆதரிக்கவில்லை. அவை நல்லவர்களையும் விரட்டியிருக்கின்றன.

உங்கள் பணியாளருக்கு நான் சொல்லும் வழி இதுதான். ஓப்பன்பிஎஸ்டியின் தீயரண் பிஎஃப். அதன் விதிகளை எழுதும் பிஎஃப்.கான்ஃப் கோப்பைப் பற்றிய கையேட்டுப் பக்கத்தை முதலில் முழுவதும் படிக்கட்டும். அதில் எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. ஈடிசி அடைவுக்குள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒரு துணை அடைவும் உண்டு. பிஎஃப் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்பட்டு, பொருந்தும் விதிகளில் கடைசியாக வருவதே செல்லுபடியாகும். ‘குயிக்’ என்ற சொல் இருந்தால் மட்டும் அங்கேயே முடிவு செய்யப்படும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். முதல் வரியில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, வேண்டியவற்றைக் கீழே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தால், ஒரு சிறு அலுவலகத்தின் மொத்த விதிகளும் ஒரு திரையில் அடங்கிவிடும். எழுதிய விதிகளைச் செயல்படுத்துவதற்கு முன் பிஎஃப்சிடிஎல் கட்டளையின் ‘என்’ தெரிவைக் கொடுத்தால், அது விதிகளை ஏற்றாமல் இலக்கணத்தை மட்டும் சோதித்து, தவறான வரியின் எண்ணைச் சொல்லும். இவ்வளவும் செய்துவிட்டு, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டையும் விதிக் கோப்பையும் இணைத்து, எதை எதிர்பார்த்தேன், எது நடந்தது என்று எழுதும் மடலுக்குக் கனிவான, நுட்பமான பதில் வருவதையே நான் கண்டிருக்கிறேன். சில சமயம் அந்தப் பகுதியை எழுதியவரே பதில் எழுதுவார். வேறெந்தக் குழுமத்திலும் எனக்கு இது இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை.

இந்தச் சிறிய குழுவின் கையிலிருந்து வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1999 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச். லினக்ஸ் சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் பெரும்பாலோர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2001இல் பிஎஃப். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை 2014இல் வெளிப்பட்டபோது, அதற்கு மாற்றாக லிப்ரெஎஸ்எஸ்எல். ஒரு நிரல் தனக்குத் தேவையற்ற அதிகாரங்களைத் தானே துறந்துவிடும் ப்ளெட்ஜும், தேவையற்ற கோப்புகளைத் தன் கண்ணிலிருந்தே மறைத்துக்கொள்ளும் அன்வெயிலும் அவர்களுடையவை. அப்படிப்பட்ட திட்டம் 2014 தொடக்கத்தில் தன் சர்வர்களின் மின்கட்டணத்தையே கட்ட முடியாத நிலைக்கு வந்து, நன்கொடை கேட்டுத்தான் மீண்டது. ஒரு இயங்குதளம் நிலைக்குமா என்று பார்க்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பயன்படுத்தும் நாமும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையாவது அனுப்ப வேண்டும் என்பேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வரும். கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டுமே திருத்தங்கள் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியே ஆக வேண்டும். நிறுவிவிட்டு மறந்துவிடுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. மேம்படுத்தலைத் தானே செய்யும் சிஸ்அப்கிரேட் கட்டளை வந்த பிறகு அந்த வேலை எளிதாகிவிட்டது. இரண்டாவது குறை, நீங்கள் கேட்ட மின்தடை. இதன் கோப்பு முறைமையில் ஜர்னல், அதாவது செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு கிடையாது. மின்சாரம் பட்டென்று போய்த் திரும்பினால் எஃப்எஸ்சிகே என்ற வட்டுச் சோதனைக் கட்டளை ஓடி எல்லாவற்றையும் சரிபார்க்கும். சிறிய எஸ்எஸ்டி உள்ள கேட்வேயில் அது விரைவாக முடிந்துவிடும். சிக்கலான பழுது என்றால் ஒற்றைப் பயனர் நிலையில் நின்று உங்களுக்காகக் காத்திருக்கும். அப்போது விசைப்பலகையுடன் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே கேட்வேக்கு ஓப்பன்பிஎஸ்டி சரி. பல டெராபைட் ஸ்கேன் கோப்புகளைக் காக்கும் சர்வருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். யுபிஎஸ் பேட்டரியை எப்படியும் மாற்றிவிடுங்கள். ரிச்சி தெருவில் ஒரு நடை போனால் முடிகிற வேலை அது.

ஓர் எச்சரிக்கை. ஃப்ரீபிஎஸ்டியிலும் பிஎஃப் இருக்கிறது, ஆனால் இரண்டும் பல ஆண்டுகளாகத் தனித்தனியே வளர்ந்தவை. ஒன்றுக்கு எழுதிய விதிகளை மற்றொன்றில் அப்படியே ஒட்டினால் எல்லா வரிகளும் ஏற்கப்படும் என்று எண்ணாதீர்கள்.

---

குரோம்பேட்டை_மாணவர் எழுதியது:

மூத்தவர்கள் விட்டுவிட்ட இரண்டைச் சேர்க்க விரும்புகிறேன். பழைய, விசித்திரமான வன்பொருள் எதுவாக இருந்தாலும் நெட்பிஎஸ்டி அதில் ஓட வாய்ப்பு உண்டு; அதன் பேக்கேஜ்சோர்ஸ் தொகுப்பு முறையை லினக்ஸிலும் பயன்படுத்தலாம். ஆர்ச் லினக்ஸை உங்கள் சர்வரில் போடச் சொல்ல மாட்டேன், ஆனால் அதன் விக்கியை எந்த வழங்கலைப் பயன்படுத்துபவரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் எங்களுக்குப் பாடநூல் தராத தெளிவை அது தந்தது.

குழுமத்தின் அளவை வைத்து மட்டும் நம்பிக்கை வைப்பதை நான் ஏற்கவில்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட விவகாரத்தைப் பலரும் அறிவார்கள். சோர்ந்துபோயிருந்த ஒரே ஒரு தன்னார்வலர் பராமரித்து வந்த சிறு நூலகத்தில், உதவ வந்தவர்போல் நடித்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக நற்பெயர் சம்பாதித்துக் கள்ளக்கதவை வைத்தார். எஸ்எஸ்எச் சேவையைச் சிஸ்டம்டியுடன் இணைக்க சில வழங்கல்கள் தாங்களாகச் சேர்த்திருந்த ஒட்டு (கூடுதல் நிரல் திருத்தம்) வழியாகத்தான் அந்த நூலகம் உள்ளே வந்தது. ஓப்பன்பிஎஸ்டி வெளியிடும் மூல எஸ்எஸ்எச்சில் அந்த ஒட்டு கிடையாது. உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கவனித்துத் தோண்டியதால்தான், டெபியனின் நிலையான வெளியீட்டை அடையும் முன்பே அது பிடிபட்டது. ஆயிரம் பேர் சேர்ந்து வழங்கும் இயங்குதளமும் எங்கோ ஓரிடத்தில் ஒற்றை மனிதரின் தோளில் நிற்கிறது. ஒரே குழு எல்லாவற்றையும் தன் களஞ்சியத்தில் வைத்துப் பார்க்கும் பிஎஸ்டி முறைக்கு இந்த இடத்தில் ஓர் அனுகூலம் இருக்கிறது.

---

மயிலை_டெபியன் எழுதியது:

தம்பி சொல்வது நியாயமான கருத்து. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஃப்ராயிண்ட் அந்தத் தாமதத்தைக் கவனித்தது டெபியனின் வளர்நிலைப் பதிப்பில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த வெளியீட்டுக்கான பொதிகள் முன்கூட்டியே பலர் கையில் புழங்கிச் சலிக்கப்படுவதற்காகத்தான் அந்தப் பதிப்பு இருக்கிறது. பிஎஸ்டிகளிலும் அடிப்படை அமைப்புக்கு வெளியே நிறுவும் ஒவ்வொரு பொதியும் இதே தன்னார்வலர்களிடமிருந்துதான் வருகிறது. சாம்பாவை எங்கு நிறுவினாலும் அதே சாம்பாதான்.

---

தரமணி_நிர்வாகி எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு என் பரிந்துரையைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். அடுத்து வருபவர் டெபியன் தெரிந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற வாதம் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் இசட்எஃப்எஸ்ஸை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டெபியனிலும் அது கிடைக்கிறது. ஆனால் இசட்எஃப்எஸ்ஸின் சீடிடிஎல் உரிமமும் லினக்ஸின் ஜிபிஎல் உரிமமும் ஒத்துப்போகாததால், கர்னலுடன் சேர்ந்து வருவதில்லை. டெபியன் களஞ்சியத்தின் கான்ட்ரிப் பிரிவிலுள்ள பொதியை நிறுவினால், டிகேஎம்எஸ் முறையில் உங்கள் கணினியிலேயே அதற்கான கர்னல் மாட்யூல் (கர்னலுடன் இணையும் துணை நிரல்) தொகுக்கப்படும். ஒவ்வொரு கர்னல் மேம்படுத்தலிலும் மறுபடி தொகுக்கப்படும். எப்போதாவது அந்தத் தொகுப்பு தோல்வியடையலாம்.

அதற்கு நான் பின்பற்றும் ஏற்பாடு எளிது. இயங்குதளத்தை ஒரு சிறிய எஸ்எஸ்டியில், லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் வையுங்கள். ஸ்கேன் கோப்புகளுக்கான இரண்டு பெரிய வட்டுகளை மட்டும் இசட்எஃப்எஸ் மிரராக்குங்கள். மாட்யூல் தொகுக்கப்படாத நாளிலும் கணினி துவங்கும். கோப்புத் தொகுதி மட்டும் ஏறாமல் நிற்கும். பழைய கர்னலைத் தேர்ந்து துவக்கினால் அதுவும் வந்துவிடும். இன்னொரு பெரிய நன்மை, லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் இப்போது ஒரே ஓப்பன்இசட்எஃப்எஸ் நிரலைப் பகிர்ந்துகொள்கின்றன. தொகுதியை உருவாக்கும்போது ‘கம்பேட்டிபிலிட்டி’ என்ற பண்பைப் பழைய பதிப்பு ஒன்றுக்கு அமைத்துவிட்டால், பிற்காலத்தில் எந்த இயங்குதளத்துக்கு மாறினாலும் வட்டுகளை அப்படியே கழற்றி மாட்டி இம்போர்ட் செய்யலாம். பத்தாண்டுகள் வாழ வேண்டியவை உங்கள் கோப்புகள்தான். இயங்குதளத்தை இடையில் மாற்றிக்கொள்ளும் வழி திறந்திருந்தால் போதும்.

மிரர் என்பது பேக்கப் ஆகாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கோப்புகளின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து, இசட்எஃப்எஸ்ஸின் செண்ட் கட்டளையால் மூன்றாவது வட்டுக்கு அனுப்பி, அந்த வட்டை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

---

அச்சுக்கோப்பு_திருவல்லிக்கேணி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வருக்கும் மேசைக்கணினிகளுக்கும் டெபியன், ஸ்கேன் கோப்புகளுக்கு இசட்எஃப்எஸ் மிரர், கேட்வேக்கு ஓப்பன்பிஎஸ்டி என்று அலுவலகத்தில் பேசி முடிவு செய்திருக்கிறோம். கேட்வேயை எங்கள் புதிய பணியாளரே அமைக்கப்போகிறார். பிஎஃப்.கான்ஃப் கையேட்டுப் பக்கத்தை அச்செடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். கோப்புகளை ஏற்றுவதற்கு முன், காலியான மிரரை உருவாக்கி எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, ஃப்ரீபிஎஸ்டியின் நிறுவல் யுஎஸ்பியிலிருந்து துவக்கி, அங்கே அது இம்போர்ட் ஆகிறதா என்று பார்த்துக்கொள்வோம். ஆகவில்லை என்றால் அந்தப் பிழைச் செய்தியுடன் இதே இழையில் எழுதுகிறேன்.